உதவித்தொகைக்கு ஊர்த்தேவையும் தெரியட்டும்

கொல்லிமலையின் கிழக்கு அடிவாரத்தில், திருச்சி மாவட்டம் துறையூர் வட்டத்தில் இருக்கிறது புளியஞ்சோலை. மலைமேல் ஆகாயகங்கையாக விழும் ஐயாறு இங்கேதான் சமவெளியைத் தொடுகிறது. நீர் ஒன்றுதான், நிர்வாகம் இரண்டு: மேலே நாமக்கல் மாவட்டம், கீழே திருச்சி மாவட்டம். மலைமேல் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேந்தமங்கலம், நாமக்கல், ராசிபுரம் பக்கம் கல்லூரிக்குப் போகிறார்கள். கீழே முடிப்பவர்கள் துறையூர், முசிறி, திருச்சி என்று போகிறார்கள். இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அரசின் உதவித்தொகை வருகிறது. அந்தத் தொகை அவர்களைக் கல்லூரி வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. எந்தப் படிப்பு, படித்து முடித்தால் எங்கே வேலை என்ற கேள்விகளுக்கு மட்டும் அது வாய் திறப்பதில்லை. இனி அது இந்தக் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். அதே நேரத்தில், அந்தப் பதில் மாணவரைக் கட்டிப்போடும் நிபந்தனையாக மாறிவிடவும் கூடாது. எல்லாருக்குமான அடிப்படைத் தொகையில் கை வைக்காமல், அந்தப் பகுதியில் ஆள் பற்றாக்குறை உள்ள படிப்புகளுக்கு அதன்மேல் ஒரு கூடுதல் தொகை தரலாம் என்பதே நான் முன்வைக்கும் வழி.

இதுவரை கட்டியெழுப்பப்பட்டதைக் குறைத்துப் பேசுவது நியாயம் ஆகாது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை 1944இலேயே தொடங்கிப் பின்னர் பழங்குடியினருக்கும் விரிந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்படிப்பில் கட்டணச் சலுகையை 2010-11 முதல் தமிழ்நாடு தருகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021இலும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மேற்படிப்பின்போது மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப்புதல்வன் திட்டம் மாணவர்களுக்கும் அதையே தந்தது. புதுமைப்பெண் வந்த வழியையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம்தான் உயர்கல்வி உறுதித் திட்டமாக உருமாறியது. மக்களுக்குப் பழகிப்போன ஒரு திட்டத்தின் நோக்கத்தையே காலத்துக்கேற்ப மாற்றலாம், மக்கள் அதை ஏற்றுக்கொள்வார்கள் என்பதற்கு அதுவே சான்று. இத்தனை ஆண்டு முயற்சியின் பலனும் கண்ணுக்குத் தெரிகிறது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு, நாட்டின் சராசரி 28.4 விழுக்காடு.

ஆனால் கல்லூரிக்குள் நுழைவது ஒன்று, அங்கிருந்து வேலைக்குள் நுழைவது வேறு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை, 2022இல் பட்டம் பெற்ற இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு என்றும், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 விழுக்காடு என்றும் காட்டியது. இதைப் படித்துவிட்டுப் படிப்பே வீண் என்று முடிவுகட்டுவது தவறு. எழுத்தறியாதவருக்கு வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும் வசதி கிடையாது. கிடைத்த கூலிக்குப் போய்த்தான் ஆக வேண்டும், அதனால்தான் அந்த எண் சிறியதாக இருக்கிறது. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது: 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளிடையே வேலையின்மை 42 விழுக்காடு, 35 வயதைத் தாண்டிய பட்டதாரிகளிடையே 5 விழுக்காட்டுக்கும் கீழ். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் எப்படியோ ஒரு வேலையில் அமர்ந்துவிடுகிறார்கள். அது படித்த படிப்புக்கேற்ற வேலைதானா என்பதே கேள்வி. வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளை அந்த ஆண்டுகளைப் போட்டித் தேர்வுக்கோ மேற்படிப்புக்கோ செலவிடும். கொல்லிமலையில் மரவள்ளி நடும் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பே பெரும் இழப்பு. வீட்டின் முதல் பட்டதாரி வேலையில்லாமல் திரும்பி வந்தால், அந்த வீட்டில் அடுத்த பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் நம்பிக்கையும் தளர்ந்துபோகும்.

உதவித்தொகை எந்தப் பக்கமும் சாயக் கூடாது, மாணவர் தாமே தேர்ந்துகொள்ளட்டும் என்று சொல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது இப்போதே ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. பழங்குடி மாணவர்களுக்கான மத்திய மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை படிப்புகளை நான்கு பிரிவாகப் பிரிக்கிறது. 2010இல் வகுத்த விகிதத்தின்படி விடுதியில் தங்கும் மாணவருக்கு மாதப் பராமரிப்புத் தொகை, மருத்துவம், பொறியியல் போன்ற முதல் பிரிவுக்கு 1,200 ரூபாய். செவிலியம், மருந்தியல் போன்ற இரண்டாம் பிரிவுக்கு 820. கலை, அறிவியல் பட்டங்கள் வரும் மூன்றாம் பிரிவுக்கு 570. ஐடிஐ, பாலிடெக்னிக் டிப்ளமோ வரும் நான்காம் பிரிவுக்கு 380. வெல்டர் பயிற்சி எடுக்கும் பிள்ளைக்கும் மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கும் பசி ஒன்றுதான். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் தரும் தொகையை மூன்று மடங்கு வேறுபடுத்துவதற்குச் செலவு காரணமாக இருக்க முடியாது. படிப்புக்குச் சமூகம் தரும் மதிப்பின் ஏணியே அங்கே ரூபாயாக எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டின் 1,000 ரூபாய் இந்த விஷயத்தில் மேல். பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ எல்லாவற்றுக்கும் அது ஒரே தொகை. ஆகவே உதவித்தொகை வழிகாட்டலாமா கூடாதா என்று இனி விவாதிப்பதில் பொருள் இல்லை. அந்தஸ்தைப் பார்த்து வழிகாட்டும் தொகை, தேவையைப் பார்த்து வழிகாட்டட்டும் என்பதே கோரிக்கை.

தேவை என்றால் எது? கொல்லிமலையையும் அதன் அடிவாரத்தையும் ஒரே பகுதியாக வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். மலையில் மிளகும் காபியும் பலாவும் அன்னாசியும் விளைகின்றன. அவற்றை அங்கேயே தரம் பிரித்து, பதப்படுத்தி, விலை வைத்து விற்கத் தெரிந்த ஆட்கள் குறைவு. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலத்தில் மரவள்ளி பரவியது, கிழங்கு சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகிறது. சிறுதானியம் பின்வாங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம் உரலில் இட்டு உலக்கையால் குத்தும் பெண்களின் உழைப்புச் சுமை என்பதை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே செய்த பணி எடுத்துக்காட்டியது. சிறு அரவை இயந்திரங்கள் வந்தபோது நிலைமை ஓரளவு மாறியது. அந்த இயந்திரங்களைப் பழுதுபார்க்கவும், அவற்றை நம்பி ஒரு தொழிலை நடத்தவும் ஆள் வேண்டும். மலைக்கிராமங்களுக்குச் செவிலியர் வேண்டும், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு ஊரிலேயே தங்கிக் கற்பிக்கும் ஆசிரியர் வேண்டும், ஆடுமாடுகளுக்குக் கால்நடை உதவியாளர் வேண்டும். கொல்லிமலை ஓடை நீரில் 20 மெகாவாட் எடுக்கும் புனல்மின் திட்டம் போன்றவற்றுக்கு மின்பணியாளர் வேண்டும். மலையிறங்கினால் நாமக்கல்லில் கோழிப்பண்ணையும் லாரி பாடி கட்டும் பட்டறைகளும், திருச்சியில் பெல் நிறுவனத்தைச் சார்ந்து வளர்ந்த உலோகக் கட்டுமான ஆலைகளும் உள்ளன. இத்தனை தேவைகளையும் ஒரே தாளில் எழுதிப் புளியஞ்சோலைப் பக்கத்துப் பள்ளியிலோ மலைமேலுள்ள செம்மேட்டுப் பள்ளியிலோ ஒட்டிவைக்கும் பொறுப்பு எந்த ஓர் அலுவலகத்துக்கும் இல்லை. மாவட்ட எல்லை மலையடிவாரத்தில் நின்றுவிடுவதால், ஒரே வேலைச்சந்தை இரண்டு கணக்காக உடைந்து கிடக்கிறது.

2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இந்த இடைவெளியை உணர்ந்துதான் வந்தது. கல்லூரியில் சேர்ந்த மாணவருக்குத் திறன் பயிற்சியைக் கூடுதலாகத் தருகிறது. நல்ல முயற்சி. ஆனால் அதன் பெரும்பகுதி மாணவர் படிப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு நடப்பது. தேர்வு நடக்கும் இடத்தில், பிளஸ் டூ முடிவு வந்து விண்ணப்பம் நிரப்பும் அந்தச் சில வாரங்களில், பணம் பேசினால்தான் குடும்பங்களின் காதில் விழும். ஆகவே என் முன்மொழிவு இது. ஒன்று, இப்போதுள்ள 1,000 ரூபாயும் கட்டணச் சலுகைகளும் எந்தப் படிப்பானாலும் அப்படியே தொடர வேண்டும். இரண்டு, கொல்லிமலையும் அதன் அடிவாரமும் போன்ற ஒவ்வொரு பகுதிக்கும், மாவட்ட எல்லையைப் பார்க்காமல் ஒரு தேவைப்பட்டியல் தயாராக வேண்டும். நிரப்பப்படாத அரசுப் பணியிடங்கள், தனியார் வேலைகளின் தொடக்க ஊதியம் என்ற இரண்டை மட்டுமே அது சான்றாகக் கொள்ள வேண்டும். மூன்று, பட்டியலில் உள்ள படிப்பில் சேரும் அந்தப் பகுதி மாணவருக்கு மாதம் 1,500 ரூபாய் கூடுதலாகத் தர வேண்டும். ஆயிரம் மாணவருக்கு இப்படித் தந்தால் ஓராண்டுச் செலவு 1 கோடியே 80 லட்சம் ரூபாய். 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கத் துணிந்த மாநிலத்துக்கு இது எட்டாத தொகை ஆகாது. இயந்திரத்துக்குச் செலவிட்டாயிற்று, அந்த இயந்திரத்தின் முன் வந்து நிற்கும் பிள்ளையின் சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் செலவிடுவது அடுத்த படி.

இந்த முன்மொழிவின் மேல் வரக்கூடிய ஆட்சேபங்களில் மிகவும் கனமானது சமூக நீதியின் பக்கத்திலிருந்து வரும். 1953இல் ராஜாஜி ஆட்சி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று அடையாளம் கண்டு எதிர்த்தது இந்த மண். அடுத்த ஆண்டே காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. பழங்குடிப் பிள்ளையைப் பார்த்து ‘உன் ஊருக்கு வெல்டர் வேண்டும், நீ வெல்டர் ஆகு’ என்று சொல்லும் எந்தத் திட்டமும் அந்தப் பழைய அநீதியின் புதிய வடிவமே. இந்த அச்சத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். அதனால்தான் திட்டத்தின் விதியிலேயே இரண்டு காவல்களை எழுதிவைக்க வேண்டும் என்கிறேன். அடிப்படைத் தொகையை எந்தப் படிப்புக்காகவும் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. தேவைப்பட்டியல் ஐடிஐயோடு நிற்கவும் கூடாது, மருத்துவம், கால்நடை மருத்துவம், வேளாண் பொறியியல், ஆசிரியர் கல்வி வரை எல்லாப் படிநிலையும் அதில் இருந்தாக வேண்டும். மலைக்கு மருத்துவர் தேவை என்றால் மலைப் பிள்ளையே அந்த மருத்துவர் ஆவதற்கான கூடுதல் தொகையும் அதே பட்டியலில் இருக்கட்டும். நாமக்கல்லில் 1985இலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. மலையடிவாரத்திலிருந்து அவ்வளவு தூரமும் இல்லை. இலக்கியமோ வரலாறோ படிக்க விரும்பும் மாணவருக்கு இத்திட்டத்தால் ஒரு ரூபாயும் குறையாது. குலக்கல்வி பிறப்பை வைத்து வாசலை அடைத்தது. இங்கே எந்த வாசலும் அடைபடவில்லை, சில வாசல்களுக்குப் போகும் செலவு மட்டும் குறைகிறது.

இரண்டாவது ஆட்சேபம் அனுபவத்திலிருந்து வருவது: நாளைய தேவையை அரசால் கணிக்க முடியாது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுகள் உண்டு. ஆசிரியர் பயிற்சிக்கு வேலை நிச்சயம் என்று நம்பிய காலத்தில் மூலைக்கு மூலை பயிற்சி நிறுவனங்கள் முளைத்தன. சான்றிதழோடு வெளியே வந்தவர்களுக்குப் பணியிடம் இல்லை, பிறகு நிறுவனங்களே மூடப்பட்டன. பொறியியலிலும் அதே கதைதான். தகவல் தொழில்நுட்ப அலையில் கல்லூரிகள் பெருகி, பின்னர் இடங்கள் காலியாகக் கிடந்து, பல கல்லூரிகள் மூடும் நிலைக்கு வந்தன. சிவில், மெக்கானிக்கல் வகுப்புகள் வெறிச்சோட, கணினி அறிவியல் நிரம்பி வழிகிறது. ஆனால் இந்த ஏமாற்றங்கள் எப்படி நேர்ந்தன என்று பார்க்க வேண்டும். ஊர்வழக்குச் செய்தியையும் தனியார் கல்லூரி விளம்பரத்தையும் தவிர வேறு தகவலே இல்லாத குடும்பங்கள் ஒரே திசையில் ஓடின. எத்தனை இடம் காலி, எத்தனை பேர் அதற்காகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கணக்கு அவர்கள் கையில் இல்லை. ஆகவே கூடுதல் தொகைக்கு எண்ணிக்கை வரம்பு அவசியம். ஒரு பகுதியில் அடுத்த சில ஆண்டுகளில் நாற்பது செவிலியர் தேவை என்றால், நாற்பதை ஒட்டிய எண்ணிக்கைக்கு மட்டுமே தொகை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பட்டியல் மாற வேண்டும். மாறினாலும் ஏற்கெனவே சேர்ந்தவருக்குப் படிப்பு முடியும்வரை தொகை நிற்கக் கூடாது. பத்தாண்டு தாண்டிய ஆரூடம் இதற்குத் தேவையில்லை, இன்று கண்முன் காலியாக இருக்கும் இடங்களை எண்ணத் தெரிந்தால் போதும்.

பிற நாடுகளின் அனுபவம், எப்படிச் செய்யலாம் என்பதைவிட எதைச் செய்யக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம் மருத்துவப் பராமரிப்பு, உற்பத்தி, போக்குவரத்து, கட்டுமானம், கணினியும் வணிகச் சேவையும் என்று ஆள் தேவைப்படும் ஐந்து துறைகளின் குறுகியகாலப் படிப்புகளுக்குத் தனி உதவித்தொகை தருகிறது. வர்ஜீனியா மாநிலம் 2016இல் தொடங்கிய திட்டத்தில், பயிற்சிக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கை மாணவர் கட்டுகிறார். பயிற்சியை முடித்தால் ஒரு பங்கையும், சான்றிதழ் பெற்றால் மீதிப் பங்கையும் அரசு கட்டுகிறது. பயிற்சி நிறுவனம் மாணவரைச் சேர்த்ததோடு கைகழுவ முடியாது. இவற்றுக்கு நேர்மாறான பாடம், பற்றாக்குறைப் பாடங்களை ஏழைப் பகுதிப் பள்ளிகளில் கற்பிக்க ஒப்புக்கொள்வோருக்கு அமெரிக்க ஒன்றிய அரசு தந்த டீச் மானியத்தில் கிடைத்தது. நான்கு ஆண்டு பணியாற்ற வேண்டும், இல்லையேல் மானியம் கடனாக மாறும் என்பது நிபந்தனை. 2018இல் வெளியான ஆய்வின்படி, அந்தப் பணிக்காலத்தைத் தொடங்கியிருக்க வேண்டியவர்களில் 63 விழுக்காட்டினரின் மானியம் கடனாகிவிட்டது. ஆண்டுச் சான்றிதழைச் சரியான தேதியில் அனுப்பாததால் கடனாளி ஆனவர்களும் அதில் உண்டு. கைச்சாத்து வாங்கி ஏழை மாணவரைப் பிணைப்பது, கடைசியில் அவர் தலையில் கடனைக் கட்டிவிடும் வழியாக முடிகிறது.

தமிழ்நாட்டிலேயே இதைவிடச் சிறந்த முன்மாதிரி இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் பணியாற்றும் மருத்துவர்களுக்கு முதுநிலை மருத்துவப் படிப்பில் 50 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் முறையை மாநிலம் நெடுங்காலம் பின்பற்றியது. அப்படி ஒதுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. மலைப்பகுதி, கடினப்பகுதிப் பணிக்கு ஊக்க மதிப்பெண்ணும் உண்டு. கிராமத்துக்குப் போ என்று தண்டனையைக் காட்டுவதற்குப் பதில், போய்ப் பணியாற்றியவருக்குப் பின்னால் ஒரு கதவு திறக்கிறது. இதே முறையைக் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் கல்வராயனுக்கும் கொண்டுவரலாம். படிக்கும்போது கூடுதல் தொகை, படித்தபின் மலைப்பகுதியில் மூன்று ஆண்டு பணியாற்றினால் கல்விக்கடன் தள்ளுபடியும் மேற்படிப்பில் முன்னுரிமையும். வேறிடம் போக விரும்புபவர் போகட்டும். அவர் எதையும் திருப்பிக் கட்ட வேண்டாம்.

மூன்றாவது ஆட்சேபம் தொழிலாளர் பக்கத்திலிருந்து வருகிறது: முதலாளிக்குத் தேவையான ஆட்களை மக்கள் வரிப்பணத்தில் ஏன் தயார்செய்து தர வேண்டும்? நியாயமான கேள்வி. ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லும் நிறுவனங்களில் பல, தாம் தரும் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கின்றன. எனவே தொடக்க ஊதியம் ஒரு வரம்புக்குக் கீழே இருக்கும் வேலைகளைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. தனியார் தேவைக்கான படிப்புகளில், 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி பயிற்சி இடமும் உதவித்தொகையும் தரும் நிறுவனங்களின் கோரிக்கையை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். இந்த அளவுகோலை அரசு தன் மேலும் வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாகத் தேர்வான செவிலியர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் பணியாற்றி, பணி நிரந்தரம் கேட்டுப் போராடி வருகிறார்கள். செவிலியர் தேவை என்று ஒரு கையால் உதவித்தொகை கொடுத்து, படித்து வந்தவரை மறுகையால் தொகுப்பூதியத்தில் நிறுத்திவைத்தால் எந்தக் குடும்பமும் அந்தப் பட்டியலை நம்பாது. தேவை என்பது உண்மையானால் அது நிரந்தரப் பணியிடமாகவும் கண்ணியமான ஊதியமாகவும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இதைத் தொடங்கப் புதிய சட்டமோ புதிய வாரியமோ வேண்டாம். நாமக்கல், திருச்சி மாவட்ட ஆட்சியர்கள் இருவரும், பழங்குடியினர் நலத்துறையும், உயர்கல்வித் துறையும், மலையிலுள்ள பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கமும், ஊராட்சிப் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் அமர்ந்தால் அடுத்த பிளஸ் டூ தேர்வு முடிவுக்குள் முதல் பட்டியல் தயாராகிவிடும். செம்மேடும் புளியஞ்சோலையும் ஒரே பட்டியலின் கீழ் வரட்டும். ஒவ்வொரு படிப்பிலும் கடந்த ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு என்ன ஊதியத்தில் வேலை கிடைத்தது என்ற விவரம் ஆண்டுதோறும் தமிழில் அச்சாகி ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் போக வேண்டும். மத்திய உதவித்தொகையின் நான்கு பிரிவுகளில் பராமரிப்புத் தொகையைச் சமமாக்கும்படி மாநிலம் ஒன்றிய அரசை வலியுறுத்த வேண்டும். அதுவரை ஐடிஐ, பாலிடெக்னிக் பிரிவின் குறைவைத் தன் நிதியிலிருந்தே ஈடுகட்ட வேண்டும். மூன்று ஆண்டு கழித்துக் கணக்குப் பார்ப்போம். கூடுதல் தொகை பெற்றவர்கள் மற்றவர்களைவிட விரைவாக, மேலான ஊதியத்தில் வேலை பெற்றிருந்தால் திட்டத்தை எல்லா மலைகளுக்கும், பிறகு மாநிலம் முழுமைக்கும் விரிக்கலாம். இல்லையென்றால் அந்தத் தொகையை எல்லாருக்குமான அடிப்படைத் தொகையில் சேர்த்துவிடலாம். பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியதில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டியது. படித்த பிள்ளைக்குப் படிப்புக்கேற்ற வேலையை உறுதிசெய்யும் பொறுப்பையும் அது தன் உதவித்தொகைத் திட்டங்களுக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.